லேப்டாப் இருமுகிறது, சம்பந்தி அம்மா

உ
வீராம்பட்டினத்து அம்மன் துணை

முத்தியால்பேட்டை,
ஆடி 20, புதன்கிழமை

என்றும் என் மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாள் தில்லையம்மாள் அவர்களுக்கு, சின்னப்பொண்ணு கைகூப்பி எழுதும் கடிதம். இங்கே நானும் எங்க வீட்டுக்காரரும் அம்மன் புண்ணியத்தில் சுகம். அங்கே தாங்களும், மாப்பிள்ளை வினோத்குமாரும், என் மகள் ஹேமலதாவும், தவழ ஆரம்பித்திருக்கும் பேரனும் சுகமாக இருக்க வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலி தேவலையா? சாயங்காலம் நாலு மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கும்போது "அப்பா முருகா" என்று மூன்று தரம் சொல்ல வேண்டியிருக்கிறது என அறிந்து வருத்தப்பட்டேன். தங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் பெரியவருக்கு இருமல் எப்படி இருக்கிறது? ஆடாதொடை இலை ஐந்து, மிளகு பத்து, ஒரு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை கொதிக்க வைத்துச் சூடாகக் கொடுக்கவும். ஆறிவிட்டால் குணம் போய்விடும்.

இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த ஆடி மாதத்தில் எனக்கு நேர்ந்ததற்குப் பிறகு போன், லேப்டாப் வகையறாக்களை நான் நம்புவதில்லை. காகிதம் ஒன்றுதான் தன் வேலையை மட்டும் பார்க்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை தன் பழைய லேப்டாப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது தங்களுக்கு நினைவிருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதங்களைப் படித்தே எழுத்துப் பழகியவள். லேப்டாப்பையும் அப்படித்தான், ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எது என்ன செய்கிறது என்று நோட்டில் எழுதி வைத்துக் கற்றுக்கொண்டேன். காலை பதினோரு மணிக்குச் சமையல் முடித்துத் திறந்தால் சாயங்காலம் வரை மூடுவதில்லை, ஏனென்றால் மூடித் திறந்தால் அது விழிப்பதற்குள் ஒரு குழம்பு கொதித்துவிடும். எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குக் கூழ் வார்ப்பதில் யார் கேழ்வரகு, யார் அண்டா, யார் வெங்காயம் உரிப்பது என்ற பட்டியல் எல்லாம் அதில்தான். ஆறு மாதம் ஒரு குறையும் சொல்லாமல் உழைத்தது. நானும் அதற்குக் குறை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் வைப்பது போல அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்து, பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சின்னத் துவாரங்களின் மேல் மூன்று கோடாக விபூதி பூசி, சாம்பிராணியும் காட்டிவந்தேன்.

ஆடி இரண்டாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. வீட்டில் நான் மட்டும். லேப்டாப் ஒரு மூச்சு விட்டது. காற்றாடி சுற்றுகிற சத்தம் எனக்குத் தெரியும், அது வேறு. இது, ஒரு வேலையை முடித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கிற மனுஷி விடுகிற பெருமூச்சு. திரையில் கூழ்ப் பட்டியல் அப்படியே நிற்கிறது. நான் எழுந்து போய் வாசற்கதவைப் பார்த்தேன், கொல்லைக் கதவைப் பார்த்தேன், இரண்டும் தாழ்ப்பாள். திரும்பி வந்து உட்கார்ந்தால் உள்ளே எதையோ தரையில் சர்ர்ரென்று இழுக்கிறார்கள். பிறகு டொக், டொக். பிறகு தண்ணீர்க் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. நான் கந்தசஷ்டிக் கவசம் சொன்னேன். கவசம் முடியும்வரை அது பேசாமல் இருந்தது. முடிந்ததும் மணி அடித்தது, சம்பந்தி அம்மா! பூஜை மணி! அன்றைக்கே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, நேரம், ஓசை, அப்போது நான் செய்தது என்று நாலு கட்டம் பிரித்து எழுத ஆரம்பித்தேன். பயமாக இருந்தாலும் கணக்கு கணக்குத்தானே.

எங்க வீட்டுக்காரரைத் தங்களுக்குத் தெரியும். மில்லில் நூல் மெஷினோடு வாழ்ந்தவர். "சத்தம் போடாத மெஷினு ஏது? எண்ண கேக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லி, நான் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு அதன் வயிற்றில் விட்டுவிட்டார். அன்று மதியம் இரண்டேகாலுக்கு அது இருமியது. இரண்டு தரம். ஆண் இருமல். "பாத்தியா, எண்ணயக் குடுத்து அதுக்குத் தொண்ட கட்ட வெச்சுட்ட" என்று எனக்கு வாயில் வந்ததைச் சொல்லித் தீர்த்தேன். மனிதர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இருமலெல்லாம் எழுதி வெச்சிருக்கா பாரு, இவளைப் புடிச்ச பேய்தான் பாவம்" என்றார். எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை ரயில் போயிற்று. வெளியில் அல்ல. லேப்டாப்புக்குள். தூரத்தில் ஊதிக்கொண்டு வந்து, கிட்டே ஊதி, தடதடவென்று கடந்து போயிற்று. முத்தியால்பேட்டையில் ரயில் ஏது? நான் சாம்பிராணிக் கரண்டியைக் கீழே போட்டதில் இடது கால் கட்டைவிரல் இன்னும் கன்றிப் போயிருக்கிறது.

எங்கள் தெருமுனையில் அன்புசெல்வி என்ற பெண் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து பார்த்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இது லேப்டாப்பா, கர்ப்பக்கிரகமா? விபூதி, சந்தனம், எண்ணெய், ஒரு அரளி இதழ் வேற. சாமி மட்டுந்தான் இல்ல."

"இருக்கு. அதான் கொண்டாந்தேன்."

அவள் சிரித்தாள். பல் துலக்கும் பிரஷ் வைத்து எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்தாள். இரண்டு நாள் தன் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தாள். "மூச்சு விடலக்கா, நல்ல புள்ளையாட்டம் இருக்கு" என்று பன்னிரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் கொடுத்தாள். இங்கேதான் நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். பேச்சு வெளியே வருகிற துவாரங்களைத்தான் இத்தனை நாள் விபூதி அடைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து திறந்து வைத்தேன். பகல் ஒன்றே முக்கால். முணுமுணுப்பு வந்தது. இந்த முறை அது சொற்களாக வந்தது.

"அரிசி டிரம்முக்குள்ள வெச்சு மூடிட்டேன். பதினஞ்சு நாள். அப்பறம் ஒண்ணும் இல்ல."

பெண் குரல். கோபமில்லை, அழுகையில்லை. ஊறுகாய் போட்டு வைத்ததைச் சொல்வது போலச் சொல்லிற்று. எதை வைத்து மூடினாள்? பதினைந்து நாளில் யார் இல்லாமல் போவது? எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, எனக்கு ரத்தக்கொதிப்பு, இரண்டில் எது முந்தும்? மறுநாள் காலை முதல் வேலையாக எங்கள் அரிசி டிரம்மை முற்றத்தில் கவிழ்த்தேன். மரக்காலால் அல்ல, உள்ளங்கையால் தள்ளித் தள்ளித் தேடினேன். அடியில் ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. குலதெய்வத்தை நினைத்து முடிச்சை அவிழ்த்தால் உள்ளே கடலை மிட்டாய். டாக்டர் இனிப்பே கூடாது என்று சொல்லியிருக்கிற மனிதர், எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தது. "பேய் வெச்சிருக்கும்" என்றார். அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. அதனால் லேப்டாப் பேசியது இன்னும் நன்றாகக் கேட்டது.

வெள்ளிக்கிழமை அதைப் பட்டுத்துணியில் சுற்றி, பஸ் ஏறி, வீராம்பட்டினத்துக்குக் கொண்டுபோய் அம்மன் சந்நிதியில் வைத்தேன். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். யாருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. லேப்டாப்பைக் காட்டினேன். பூசாரி ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "வீட்டுக்கு என்னைக்கு வந்துச்சு?" என்றார். பொங்கலன்று என்றேன். அந்த நாளின் நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அதற்கே அர்ச்சனை செய்தார். எலுமிச்சம்பழத்தை அதன் மேல் பிழிய வந்தவரை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். சந்நிதியில் திறந்து வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒரு சத்தம் இல்லை. பக்கத்தில் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட வந்த ஒரு அம்மா, "ஆத்தா முன்னாடி அதுக்கு வாய் வருமா? ஊட்டுக்குப் போனாத்தான் ஆட்டம் காட்டும்" என்றாள். அப்படியே ஆயிற்று. எங்கள் வீட்டு வாசற்படி தாண்டி வந்து திறந்த ஐந்தாவது நிமிடம், ரயில்.

பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பகலில் அது தும்மியது. ஒன்று. "நூறு" என்றேன், பழக்கதோஷம். இரண்டு. "இருநூறு." மூன்றாவது தும்மலில் என் வாய் திறந்தது திறந்தபடி நின்றுவிட்டது. சம்பந்தி அம்மா, உலகத்தில் எல்லாரும் ஒன்று தும்முவார்கள், இரண்டு தும்முவார்கள். மூன்று தும்மிவிட்டு, கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு "ஹீ" வைப்பது நான் பெற்ற ஹேமலதா ஒருத்திதான். என் மகளுடைய ஆவி இந்தப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டே அவளுக்குப் போன் போட்டேன். "நல்லாத்தானே இருக்கேன், ஏம்மா அழற?" என்று போனில் கேட்டாள். அதே கேள்வி லேப்டாப்பிலும் கேட்டது. ஒரே குரல், இரண்டு இடத்தில், ஒரு நொடி முன்னும் பின்னுமாக. "ஒண்ணுமில்லடி, சும்மாத்தான்" என்று வைத்துவிட்டேன். பிறகு நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன்.

கடையில் சத்தம் இல்லை, கோயிலில் சத்தம் இல்லை, வீட்டில் மட்டும் உண்டு. வீட்டில் என்ன இருக்கிறது? கேபிள்காரர் வைத்துவிட்டுப் போன வைஃபை இருக்கிறது. பூஜை மணி அடிக்கும்போது கடைசியில் தகரம் தட்டுவது போல ஒரு பிசிறு, விரிசல் விட்ட மணி. நிச்சயதார்த்தத்தன்று தங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். ரயில், தங்கள் வீட்டருகே முதலியார்பேட்டை கேட்டைத் தாண்டுகிற ரயில். மறுநாள் அன்புசெல்வியை வீட்டுக்கே கூட்டிவந்தேன். திரையின் அடியில் ஒளிந்துகொண்டிருந்த ஒரு சின்னப் படத்தை அழுத்தினாள். ஜன்னல் போல ஒன்று திறந்தது. அதில் பச்சைச் சுவர் தெரிந்தது, ஒரு பல்லி தெரிந்தது, மேலே ஏதோ படத்தின் சட்டமும் அதிலிருந்து தொங்கும் சந்தன மாலையின் நுனியும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை. அந்தச் சுவருக்குள்ளிருந்து என் மகள் கேட்டாள்.

"அத்தே, போஸ்ட்மேன் வந்தாரா?"

"வரலம்மா" என்றீர்கள் தாங்கள்.

பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான், ஆபீசிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை தங்கள் கூடத்து ஷோகேஸ் மேல் ஒரு வெள்ளை உருண்டைக் கேமரா வைத்திருக்கிறாரே, அதுதான். ஆனி மாதக் கடைசியில் இங்கே வந்தபோது, புதிதாக வாங்கிய அதை இந்த லேப்டாப்பில்தான் முதலில் இணைத்துச் சோதித்திருக்கிறார். பிறகு எடுக்க மறந்துவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. தாங்கள் பெற்ற பிள்ளைதான் என்றாலும் நாள் முழுக்கத் தங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பது தங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அவர் வேலைக்குக் கிளம்பியதும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறீர்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அம்மா, தாங்கள் அதன் கண்ணைத்தான் திருப்பினீர்கள். அதற்குக் காதும் உண்டு.

ஆகவே பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இருந்தது ஒரு காகிதம். ஹேமாவோடு நர்ஸ் பரீட்சை எழுதித் தேறியவர்களுக்கெல்லாம் வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது, தனக்கு மட்டும் வரவில்லை என்று அவள் என்னிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அப்புறம் ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் தேதியிலிருந்து எண்ணினால் இன்று ஒன்பதாவது நாள்.

நான் கோபத்தில் எழுதவில்லை. ஏனென்றால் நேற்று தாங்கள் தங்கள் அக்காவிடம் மறுபடி போனில் பேசியபோது மிச்சத்தையும் கேட்டேன். "காரைக்காலுக்குப் போட்டிருக்காங்களாம்க்கா. புள்ளையத் தூக்கிக்கிட்டு அவளும் போயிட்டா, இவன் ராத்திரிதான் வருவான். பகலெல்லாம் நான் யாருகிட்ட பேசுவேன்? செவுத்துகிட்டயா?" என்றீர்கள். அதைக் கேட்டு நானும் அழுதேன். நோட்டில் "அப்போது நான் செய்தது" என்ற கட்டத்தில் அதையும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒன்று சொல்கிறேன். காரைக்காலில் பேரனைப் பார்த்துக்கொள்ள மாதத்தில் பதினைந்து நாள் தாங்கள் இருங்கள், பதினைந்து நாள் நான் இருக்கிறேன். தாங்கள் இங்கே தனியாக இருக்கும் நாட்களில் பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை. வருகிற வெள்ளி ஆடி வெள்ளி. அம்மனுக்குப் பொங்கல் வைக்க அரிசி அளக்கும்போது டிரம்மில் தட்டுப்பட்டது, வீட்டுக் காகிதங்களோடு கலந்து எப்படியோ விழுந்திருக்கிறது என்று ஹேமாவிடம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவள் நம்புவாள். நான் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுகிறேன். நாளைக்கு அன்புசெல்வி வந்து அந்தக் கேமராவை லேப்டாப்பிலிருந்து அகற்றிவிடுவாள். இனித் தங்கள் வீட்டுப் பேச்சு தங்கள் வீட்டோடு.

தங்கள் வீட்டுப் பெரியவரும் இதைத்தான் சொல்கிறார். தினமும் இரண்டேகாலுக்கு, தாங்கள் கண்ணயர்ந்திருக்கும் நேரம், இரண்டு தரம் இருமிவிட்டு, இந்த இரண்டு நாளாக "எடுத்துக் குடுத்துடு, தில்ல" என்கிறார். உரிமையோடு பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் அண்ணன் முறையாக இருக்கும் என்று எண்ணினேன். நல்ல மனிதர். என் வணக்கத்தை அவருக்கும் சொல்லவும்.

தங்கள் குடும்பம் ஆலாய்த் தழைக்க, முழங்கால் வலி தீர, பேரனுக்கு அடுத்த பல் நோவில்லாமல் முளைக்க அம்மன் அருள் புரிவாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத சம்பந்தி
சின்னப்பொண்ணு

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை வண்டியில் எடுத்துவந்து தங்கள் கையில் கொடுக்க வேண்டியவர் எங்க வீட்டுக்காரர். ஒட்டுவதற்கு முன் ஒரு தரம் படித்துப் பார்த்தார். முதல் பத்தியிலேயே நின்றுவிட்டு, "பெரியவரா? எந்தப் பெரியவரு? அவங்க ஊட்ல ஆம்பளன்னா மாப்ள ஒருத்தருதான். அவரும் பகல்ல கம்பெனிக்குப் போயிடறாரு. விருந்தாளி வந்திருந்தா ஹேமா சொல்லியிருக்க மாட்டாளா?" என்றார். அப்போது மணி இரண்டு அடித்துப் பத்து நிமிடம். இன்னும் ஐந்து நிமிடம் பொறுங்கள், நீங்களே கேட்கலாம் என்று லேப்டாப்பின் முன் உட்கார வைத்தேன்.

பச்சைச் சுவர். மாலை நுனி. தங்கள் குறட்டை கொஞ்சம். பிறகு இருமல், இரண்டு தரம். பிறகு அந்தப் பேச்சு.

எங்க வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "இது உத்திராபதிடி, மாப்ளயோட அப்பா. இருவத்திரண்டு வருஷம் பக்கத்து மெஷின்ல நின்னவன். மூஞ்சில துணி கட்டிக்கிட்டுத்தான் நிப்பான், அப்படியும் பஞ்சு உள்ள போயிடும். ரெண்டு தரம் இருமுவான். மூணாவது வராது, நெஞ்சுலயே நின்னுடும். எனக்குத் தெரியாதா அந்த இருமலு?"

அவர் தவறி ஆறு வருஷம் ஆகிறது. நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டதால் நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அந்தச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருப்பது யாருடைய படம் என்று தங்களைக் கேட்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை.

ஆகையால் மேலே நான் எழுதிய வெள்ளிக்கிழமைத் தவணையையும், அரிசி அளக்கும் பொய்யையும் தாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நான் கேட்டது. கேட்டுக்கொண்டிருப்பவர் வேறு. அன்புசெல்வியை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கேமராவையும் அந்தச் சுவர்ப்பக்கமே இருக்கவிடுங்கள். நோட்டை அடுப்பில் போட எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு பையில் ஆடாதொடை இலை கொடுத்தனுப்பியிருக்கிறேன். முதலில் டிரம்மைத் திறந்து அந்தக் காகிதத்தை ஹேமாவின் கையில் கொடுங்கள். பிறகு நான் எழுதியபடி கஷாயம் வைத்து, அரை டம்ளர், படத்துக்கு முன்னால் வையுங்கள். சூடாக வையுங்கள்.